உத்தியோகத் தரகர் யாருடைய ஆள்?

"மாமா, ஒரு மார்க்கச் சட்டம் கேட்க வேண்டும்" என்று ஓர் இரவு இஷாவுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தாள் என் மூத்த சகோதரியின் மருமகள். களா நோன்பு, ஸகாத் என்று ஏதாவது இருக்கும் என எண்ணி, "சொல்லு மகள்" என்றேன். அவள் கேட்டது வேறு.

அவளுடைய கணவன் கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவு முகாமையாளர். துபாயில் இருந்து ஆட்சேர்ப்பு நிறுவனத்தார் ஒருவர் அவனோடு பேசியிருக்கிறார். பெரிய வேலை, இப்போதைய சம்பளத்தைவிடப் பல மடங்கு. ஒரேயொரு தடங்கல்தான். முகாமையாளராக ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். இவனுக்கோ இரண்டு வருடம். "சி.வி.யில் இரண்டை ஐந்தாக மாற்றி அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அந்த மனிதர் சொல்லிவிட்டாராம். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம் மாமா. அவர் நமக்காகத்தானே பாடுபடுகிறார். அவர் சொல்லும்போது மறுப்பதா?"

சட்டத்திற்குப் பதில் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. இல்லாததை இருப்பதாக எழுதுவது பொய். அதை ஒருவர் எழுதச் சொன்னார் என்பதால் அது வேறொன்றாகிவிடாது. ஆனால் "அவர் நமக்காகத்தானே பாடுபடுகிறார்" என்ற அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. அரபுக் கல்லூரியில் இருபது வருடமாக ஓதிக்கொடுப்பவன் நான். உத்தியோக உலகம் என்னுடையதல்ல. என்றாலும் என்னிடம் ஓதியவர்களும் உறவினர்களும் தோஹா, ரியாத், துபாய் என்று பரவியிருக்கிறார்கள். ஆட்களைத் தெரிவு செய்யும் பிரிவிலேயே வேலை செய்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களிடம் கேட்டறிந்ததைத்தான், சகோதரிகளே, இங்கு உங்கள் முன் வைக்கிறேன். மகனுக்கோ மகளுக்கோ கணவருக்கோ அப்படியொரு அழைப்பு வந்தால், முதலில் கலந்து பேசப்படுபவர் பெரும்பாலும் நீங்கள்தானே.

கலியாணத் தரகரை நாம் அறிவோம்

நம் ஊர்களில் கலியாணத் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தால், தேநீர் வைப்பதற்கு முன்பே உம்மாமார் அறிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது: இவர் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆளா, நாம் சொல்லிவிட்ட ஆளா? மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றால் அவர் கெட்டவர் என்று அர்த்தமல்ல. நல்ல வரனைக் கொண்டு வருபவரும் அவராகவே இருக்கலாம். ஆனால் அவரிடம் பேசும் பேச்சு வேறு, வைக்கும் அளவு வேறு. இந்தப் புத்தி உத்தியோகத் தரகர் விஷயத்தில் மட்டும் நமக்கு ஏனோ வருவதில்லை.

உயர் பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் தொழில் அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிதாக வளர்ந்தது. ஹைட்ரிக் அன்ட் ஸ்ட்ரகில்ஸ் என்ற பிரபல நிறுவனம் 1953ல் சிகாகோவிலும், கோர்ன் ஃபெரி 1969ல் லொஸ் ஏஞ்சல்ஸிலும் தொடங்கப்பட்டவை. இத்தொழிலில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். முதல் வகையினரைக் கம்பனியே முன்பணம் கொடுத்து அமர்த்துகிறது. பணிப்பாளர், பொது முகாமையாளர் போன்ற பெரிய பதவிகளுக்குத்தான் இவர்கள். தெரிவாகும் ஆளின் முதல் வருடச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்களுடைய கட்டணமாக இருப்பது வழக்கம். அதைத் தவணைகளாகப் பெறுவார்கள். இரண்டாம் வகையினருக்கு முன்பணம் கிடையாது. இவர் கொண்டுவந்த ஆளைக் கம்பனி வேலைக்கு எடுத்தால் மட்டுமே காசு. ஒரே வேலைக்கு இப்படி மூன்று நான்கு பேர் போட்டியிட்டு ஆள் அனுப்புவதும் உண்டு. நடுத்தரப் பதவிகளுக்காக நம் பிள்ளைகளோடு பேசுகிறவர்களில் அதிகமானோர் இவ்வகையினரே.

ஃபிக்ஹ் படித்தவனுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. முதல் வகை, கூலிக்கு அமர்த்தும் 'இஜாரா'வைப் போன்றது. இரண்டாவது, நமது ஷாபிஈ கிதாபுகளில் வரும் 'ஜுஆலா'வைப் போன்றது: தொலைந்த ஒட்டகத்தைத் தேடிக் கொண்டுவந்து தருபவருக்கு இவ்வளவு என்று ஒருவர் அறிவிக்கிறார், கொண்டுவந்தால் கூலி, பாதி வழிவரை கொண்டுவந்தால் ஒன்றுமில்லை. அந்தக் கூலி ஹலாலானதே. ஆனால் கூலி கொடுப்பவர் ஒட்டகத்தின் சொந்தக்காரர். இங்கே ஒட்டகம் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த "இரண்டை ஐந்தாக மாற்றுங்கள்" என்ற பேச்சைப் பாருங்கள். காரியம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. மற்றத் தரகர் முந்திவிடுமுன் முடிக்க வேண்டும். அந்த அவசரம்தான் அப்படிப் பேச வைக்கிறது. தெரிவான ஆள் முதல் மூன்று மாதத்துக்குள் விலகினால் வேறு ஆளைத் தேடித் தருவது, அல்லது காசைத் திருப்பிக் கொடுப்பது என்று கம்பனியோடு பெரும்பாலும் பேசி வைத்திருப்பார்கள். ஆகவே பொய் வெளிப்பட்டால் அவருக்கு நட்டம் ஒரு தரகுக் காசு. நம் பிள்ளைக்கோ வேலை போகும், விசா போகும், அங்கே பாடசாலையில் சேர்த்த பிள்ளைகளின் படிப்பு நடுவில் நிற்கும், கொழும்பில் விட்டுப்போன கதிரையில் வேறொருவர் இருப்பார். பொய் வெளிப்படாது என்று நம்புவதற்கும் இடமில்லை. படிப்புச் சான்றிதழ்களை நமது வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பழைய கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, இன்னார் எந்தத் திகதியில் இருந்து எந்தப் பதவியில் இருந்தார் என்று கேட்கிறார்கள்.

மௌனத்துக்கு மனம் உடைய வேண்டாம்

தரகர் யாருடைய ஆள் என்பது விளங்கிவிட்டால் வேறு பல விஷயங்களும் தானாக விளங்கும். "சி.வி. அனுப்பி ஒரு மாதம், ஒரு பதிலும் இல்லை, என்னை மதிக்கவில்லை" என்று பிள்ளைகள் வாடிப்போவதைக் காண்கிறோம். அவர் கையில் இருப்பது இன்ன தகுதி வேண்டும் என்று கம்பனி கொடுத்த ஒரு பட்டியல். அதற்குப் பொருந்தாத நூறு நல்லவர்களுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பதில் போடுவது நல்ல பண்பு, பலர் போடுவதில்லை. இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு தரம் சுருக்கமாக விசாரிக்கலாம். ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் நம் பிள்ளையின் பெயரை மறக்கவும் மாட்டார், அழைக்கவும் மாட்டார்.

தனக்குப் பொருந்தாத வேலைக்கு அவர் அழைத்தால் "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல், தகுதியான இன்னொருவரை, அவருடைய சம்மதத்தோடு, சொல்லிக் கொடுப்பது மிகவும் பயனுள்ளது என்று இத்தொழிலில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படி உதவியவரைத் தரகர் இலகுவில் மறப்பதில்லையாம். மற்றவருக்கும் நன்மை கிடைக்கிறது.

வேலை தேடாத காலத்தில்தான் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். வேலை போன மறுநாள் ஸலாம் சொல்பவனுடைய குரலிலேயே அவசரம் தெரிந்துவிடும். இப்போது தரகர்கள் ஆட்களை லிங்க்ட்இன் என்ற தளத்தில் பதவிப் பெயர்களைக் கொண்டு தேடுகிறார்கள். அதில் பதவியும் பொறுப்புகளும் சரியாக எழுதப்பட்டிருந்தால் அவர்களாகவே வருவார்கள். வேலை மாறத் தயார் என்று தரகர்களுக்கு மட்டும் தெரியும்படி அறிவிக்கவும் அதில் வசதி உண்டு. என்றாலும் தற்போதைய முதலாளியின் காதுக்கு அது எட்டவே எட்டாது என்ற உத்தரவாதம் இல்லை. பார்த்துச் செய்யட்டும்.

மூன்று தரகர், ஒரு கம்பனி

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டிட வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் கியூ.எஸ். படித்த பிள்ளை அவர். தோஹாவுக்குப் போக ஆசைப்பட்டு, கண்ட தரகர்களுக்கெல்லாம் சி.வி.யை அனுப்பினார். அதிகம் பேருக்குக் கொடுத்தால் அதிகம் வாய்ப்பு என்பது அவருடைய கணக்கு. மூவர் அதை ஒரே கம்பனிக்கு, இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அனுப்பிவைத்தார்கள். மூன்று சி.வி.யிலும் எதிர்பார்க்கும் சம்பளம் மூன்று விதமாக இருந்தது. ஏனென்றால் மூவரிடமும் இவர் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார். எந்தத் தரகருக்குக் காசு கொடுப்பது என்ற தகராறு நமக்கெதற்கு என்று கம்பனி இவருடைய பெயரையே விட்டுவிட்டது. இதுவும் அங்கே வேலை செய்யும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் சொல்லித்தான் பிறகு தெரியவந்தது.

ஆகவே ஒவ்வொரு தரகரிடமும் முதல் பேச்சிலேயே ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும்: "கம்பனியின் பெயரைச் சொல்லி என் சம்மதம் கேட்காமல் எங்கும் அனுப்பக் கூடாது." நேர்மையான தரகர் இதற்குக் கோபிக்க மாட்டார். இதை வட்ஸ்அப்பில் அல்லாமல் மின்னஞ்சலில் எழுதி வைப்பது நல்லது. வீட்டில் ஒரு கொப்பியும் இருக்கட்டும். எந்தத் திகதியில், எந்தத் தரகர், எந்தக் கம்பனி, என்ன சம்பளம் சொன்னோம், யார் பதில் தரவேண்டும் என்று ஒவ்வொரு அழைப்புக்கும் நான்கு வரி. ஆண்கள் இதை எழுத மாட்டார்கள். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதிவரும் உங்களுக்கு இது ஒரு பாரமல்ல.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெறும் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. சம்பளச் சீட்டை அனுப்புங்கள் என்று கேட்டால் என்ன செய்வது? இப்போதைய சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால் "எனக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை எதிர்பார்ப்பு" என்று சொல்லி நிறுத்தலாம். மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல.

ஸூரத்துல் கஸஸில் வரும் சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். மத்யன் நீர்த்துறையில் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிக்கொடுத்த மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி அவ்விரு பெண்களில் ஒருவர் தம் தகப்பனாரிடம் சிபாரிசு செய்தார். அவர் பார்த்தது இரண்டு: வேலை செய்யும் வலிமை இருக்கிறதா, நம்பத்தக்கவரா. இன்றைக்கும் தரகர் தேடுவது இதைத்தான், பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன. எனவே சி.வி.யில் "கணக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்று எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "பன்னிரண்டு நாள் எடுத்த மாத இறுதிக் கணக்கை ஐந்து நாளில் முடிக்கும்படி செய்தேன்" என்றால் வலிமை தெரிகிறது. இரண்டு பக்கம் போதும். பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசு உம்மாவுக்குப் பெருமை, அது சி.வி.க்கு வேண்டாம்.

மொத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள்

தரகர் சம்பளத்தைச் சொல்லும்போது மொத்தத்தையே சொல்வார். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை, போக்குவரத்து எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழில் சட்டப்படி, ஒரு வருடமாவது வேலை செய்தவர் விலகும்போது முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்திற்கு 21 நாள் சம்பளமும், அதற்கு மேற்பட்ட வருடங்களுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகப் பெறுவார். அது அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படுவது. இரண்டு கம்பனிகள் தலா 10,000 திர்ஹம் தருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் அடிப்படை 6,000, மற்றதில் 4,000. ஐந்து வருடம் கழித்துத் திரும்பும்போது முதலாவதில் 21,000 திர்ஹம், இரண்டாவதில் 14,000 கிடைக்கும். மாதாமாதம் கையில் வந்தது ஒன்றுதான். ஊர் திரும்பும்போது 7,000 திர்ஹம் வித்தியாசம். கட்டாரிலும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான். வருடத்திற்குக் குறைந்தது மூன்று வாரம்.

தகுதிகாண் காலம் எத்தனை மாதம் (அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது), குடும்ப விசா யார் பொறுப்பு, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் யார் தலையில், வருட விடுமுறைக்கு டிக்கட் எத்தனை பேருக்கு? இவற்றைக் கேட்க நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். தரகரிடம் கேட்பதில் ஒரு வசதி உண்டு. முதலாளியின் முகத்துக்கு நேரே கேட்கத் தயங்குவதையெல்லாம் அவர் மூலம் கேட்டுக்கொள்ளலாம். அவர் நடுவில் நிற்பதன் பலன்களில் அதுவும் ஒன்று. ஆனால் அவர் வாயால் சொன்னது எதுவும், கம்பனியின் கடிதத்தில் வராதவரை, கணக்கில் சேராது.

உள்ளூரில் வேலை மாறுபவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. நமது நாட்டின் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கே பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்திற்கு அரை மாதச் சம்பளம். நாலு வருடமும் பத்து மாதமும் ஆன நிலையில் தரகர் "இந்த மாதமே வந்து சேருங்கள்" என்று அவசரப்படுத்தினால், அந்த இரண்டு மாதத்தின் விலை இரண்டரை மாதச் சம்பளம். புதிய கம்பனி இரண்டு மாதம் பொறுக்குமா, அல்லது அதை ஈடு செய்யுமா என்று கேட்பதில் தப்பேதும் இல்லை.

காசு கேட்டால்

தரகருக்கான கூலியைக் கொடுப்பவர் முதலாளி என்று சொன்னேன். அந்த அமீரகச் சட்டமே, ஆட்சேர்ப்புச் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் அறவிடுவதை முதலாளிக்குத் தடுத்திருக்கிறது. சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் இலக்கச் சமவாயமும், தனியார் முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. ஆகவே முகாமையாளர், பொறியியலாளர் பதவிக்கு "பதிவுக் கட்டணம்", "கோப்புக் கட்டணம்" என்று உங்களிடம் ஒருவர் காசு கேட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் யாராயினும், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இங்கே அவருக்கு இருக்க வேண்டும். அதன் இலக்கத்தைக் கேளுங்கள். கொடுத்த இலக்கம் சரியானதுதானா என்று பணியகத்தின் 1989 என்ற தொலைபேசியில் விசாரிக்கலாம். பத்தரமுல்லை கொஸ்வத்தையில் உள்ள தலைமையகத்துக்கு நேரே போயும் கேட்கலாம். ஏதாவது செலுத்த வேண்டியிருந்தால், பணியகம் அனுமதித்த தொகைதானா என்று பார்த்து, ரசீது பெற்றே செலுத்த வேண்டும். கடவுச்சீட்டின் அசலை, வேலைக் கடிதம் கையில் வராமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். நம்மூர்ப் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் நிற்பவர் என்பது அனுமதிப்பத்திரம் ஆகாது. கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் அழுத உம்மாமார் என்னிடமே வந்திருக்கிறார்கள்.

மகளுக்கு அழைப்பு வந்தால்

படித்த மகள்மார் இப்போது கணக்கியல், வங்கி, கணினித் துறைகளில் நிறையப் பேர். மாலையில் ஓர் அந்நிய ஆண்குரல் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் வாப்பா தொலைபேசியை வைத்துவிட்ட கதை ஒன்றை ஒரு மாணவி, சிரித்துக்கொண்டுதான், என் மனைவியிடம் சொன்னாள். அது நல்ல வேலையொன்றின் முதல் அழைப்பு. தரகர்கள் அலுவலக நேரத்துக்குப் பின்தான் பேசுவார்கள். அப்போதுதான் ஆட்கள் மனம்விட்டுப் பேச முடியும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளைப்பேறுக்காக நாலைந்து வருடம் வீட்டில் இருந்தவர்கள் அந்த இடைவெளியை மறைக்கப் படாதபாடு படுகிறார்கள். திகதிகளை மழுப்பினால் வேறேதோ நடந்திருக்கிறது என்றே தரகர் எண்ணுவார். "இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை பிள்ளைகளைப் பராமரித்தேன்" என்று ஒரு வரி எழுதி, அதற்கிடையில் எழுதிய பரீட்சையோ செய்த சிறு கணக்கு வேலையோ இருந்தால் அதையும் சேர்த்தால் போதும். ஹிஜாப், தொழுகை நேரம், இரவு வேலை பற்றி இவர்களுக்கு இருக்கும் நிபந்தனைகளைத் தரகரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒத்துவராத இடம் நேர்முகப் பரீட்சைக்கு முன்பே கழிந்துவிடும். இரு தரப்புக்கும் பஸ் காசு மிச்சம்.

நான் தொடங்கிய கதைக்கு வருகிறேன். என் சகோதரியின் மகன் இரண்டை இரண்டாகவே விட்டு, முகாமையாளர் பதவிக்கு முன் அதே வேலையை உதவியாளராக இருந்து நாலு வருடம் பார்த்ததையும் விளக்கி அனுப்பினான். துபாய்க்காரரிடமிருந்து அதற்குப் பின் பேச்சில்லை. வீட்டில் சில நாள் முகங்கள் வாடியிருந்தன; என் மீதும் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கலாம். ஏழு மாதம் போனது. சென்ற வாரம் மருமகள் மீண்டும் எடுத்தாள். கொழும்பிலேயே வேறொரு தரகர் பேசியிருக்கிறாராம். கம்பனியின் பெயரைச் சொல்லி, அனுப்பலாமா என்று அவராகவே கேட்டாராம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவளுடைய கொப்பியில் அது பதினோராவது பதிவு.